பழைய மியாட்டாவுக்கு வீல் அலைன்மென்ட்: நூல் பிடித்துப் பார்த்த கதை

முதலில் ஒரு தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீல் அலைன்மென்ட் கடையில் வேலை முடிந்ததும் பிரிண்ட் எடுத்துத் தருவார்களே, அந்தத் தாள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் 'செய்வதற்கு முன்', 'செய்த பிறகு' என்று எண்கள் இருக்கும். கூடவே பச்சை, சிவப்பு நிறங்கள். நாம் பச்சை தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் போட்டேன். ஏழு மாதம் கழித்து அதை வெளியே எடுத்து நிதானமாகப் படித்தபோதுதான் கவனித்தேன்: பின் சக்கரங்கள் இரண்டுக்கும், செய்வதற்கு முன் இருந்த எண்ணும் செய்த பிறகு இருந்த எண்ணும் ஒன்றேதான். தசமப் புள்ளிக்குப் பின்னால்கூட மாற்றமில்லை. நான்கு சக்கரத்துக்கும் காசு வாங்கியிருந்தார்கள். பின் சக்கரத்தை யாரும் தொடவே இல்லை.

அந்தத் தாளை அவ்வளவு நிதானமாகப் படிக்கக் காரணம், அதற்கு முந்தைய நாள் நடந்தது.

கார் 1992 மாடல் மாஸ்டா மியாட்டா. அமெரிக்காவுக்கு வெளியே எம்எக்ஸ்-5 என்ற பெயரில்தான் பலருக்கும் தெரியும். 1989ல் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான வகை. இரண்டே சீட், துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், பின் சக்கர ஓட்டம், எடை சுமார் ஆயிரம் கிலோ. பொத்தானை அழுத்தினால் ஹெட்லைட் கண்ணைத் திறந்துகொண்டு மேலே எழும்பும். என் மகள் அதற்குத் 'தவளை' என்று பெயர் வைத்திருந்தாள். ஒஹாயோவில் 2019ல் வாங்கினேன். நாற்பதைத் தாண்டிய சாஃப்ட்வேர்க்காரன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஓர் அக்டோபர் மாலை, மழை. மகளைப் பியானோ வகுப்பிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வட்டமான வளைவுச் சாலை. மணிக்கு முப்பது மைல்தான் இருக்கும். முன்னால் போன வண்டி வேகத்தைக் குறைத்ததால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். காரின் வால் தனியாகக் கிளம்பியது. ஸ்டீயரிங்கைத் திருப்பி மடக்குவதற்குள் அரைச் சுற்று சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி புல்லில் போய் நின்றோம். யாருக்கும் ஒன்றும் இல்லை. பின்னால் வண்டி வராதது எங்கள் நல்ல காலம். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "ஏங்க, ரெண்டு பேரும் பத்திரமா வந்துட்டீங்க, அது போதும். அந்தத் தவளைய வித்துடுங்க" என்றாள். அடுத்த வாரம் வகுப்புக்குக் கிளம்பும்போது மகள், "அம்மா கார்ல போலாமாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

விற்பதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. காரணம் தெரியாமல் விற்றால் அதே வளைவில் வேறு யாரோ ஒருவருடைய பிள்ளை உட்கார்ந்திருக்கும். தெரியும்வரை ஓட்டுவதும் இல்லை, விற்பதும் இல்லை என்று முடிவு செய்தேன்.

முதல் சந்தேகம் டயர்மேல். வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் பின் டயர்களின் உள் விளிம்பு மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. நின்றபடி பார்த்தால் தெரியாது. வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கும். குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் தெரியும். ஒரு திசையில் தடவும்போது வழுக்குகிறது, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி சொரசொரக்கிறது. டயர் உருளாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே வந்ததற்கு அந்தச் சொரசொரப்புதான் சாட்சி.

இந்த இடத்தில் அலைன்மென்ட் என்றால் எதை எதோடு நேராக்குகிறார்கள் என்று சொல்ல வேண்டும். மூன்று கோணங்கள். பெயர்கள் ஆங்கிலமாக இருந்தாலும் விஷயம் எளிது.

நேராக நின்றுகொண்டு உங்கள் பாதங்களைப் பாருங்கள். பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி பாதத்தை உள்பக்கம் திருப்பினால் அது டோ-இன். வெளியே விரித்தால் டோ-அவுட். டோ என்றாலே கால்விரல்தான். மேலிருந்து பார்த்தால் தெரிகிற கோணம் இது. அடுத்தது கேம்பர். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை காரை நோக்கிச் சாய்ந்திருந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது அல்லவா, அந்தச் சாய்வு. கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதில் அதற்கும் பங்கு உண்டு. வளைவு முடிந்ததும் கார் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதற்கும் இதுதான் முக்கியக் காரணம். காஸ்டர் முன் சக்கரங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இவை காரோடு வந்தவை என்று நினைத்திருந்தேன், இல்லை. குதிரை வண்டிக் காலத்திலேயே ஐரோப்பியத் தச்சர்கள் அச்சின் நுனியைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்துச் சக்கரத்தைச் சாய்த்துப் பூட்டினார்கள். கொஞ்சம் முன்னோக்கியும் திருப்பி வைத்தார்கள், சக்கரம் கழன்று ஓடாமல் உள்பக்கம் அழுத்தியபடி உருள. கேம்பரும் டோவும்தான். திரும்பும்போது உள் சக்கரம் வெளிச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாடும் பழசு. மியூனிக்கின் வண்டி செய்பவர் கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர் கண்டுபிடித்தது அது. அவருக்கு ஏஜென்டாக 1818ல் இங்கிலாந்தில் பேடன்ட் வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இன்றுவரை ஆக்கர்மன் பெயரால்தான் அழைக்கிறார்கள். பேப்பரில் கடைசியாகப் பெயர் போட்டவனுக்கே புகழ் என்பது அப்போதே இருந்திருக்கிறது.

சரி, தாளுக்கு வருவோம். என் காரின் பின் இடது சக்கரம்: டோ மைனஸ் 0.30 டிகிரி. பின் வலது: பிளஸ் 0.05. மைனஸ் என்றால் டோ-அவுட். இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.25. கால் டிகிரி! இதற்கா இவ்வளவு பேச்சு என்றுதான் எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடும்போது கார் இந்த வித்தியாசத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆக, ஒவ்வொரு பின் சக்கரமும் போகிற திசையிலிருந்து 0.125 டிகிரி வெளியே பார்த்தபடி ஓடுகிறது. அதன் சைன் மதிப்பு 0.0022. ஒரு கிலோமீட்டர் போனால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் பக்கவாட்டில் தேய்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். டயரைக் கையில் பிடித்து 22 கிலோமீட்டர் தார்ச்சாலையில் இழுத்துப் பாருங்கள், என்ன மிச்சம் இருக்கும் என்று.

உள் விளிம்பு தேய்ந்தால் உடனே "கேம்பர் சரியில்லை" என்பார்கள். கேம்பர் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி நெகட்டிவாக இருந்தால் அதுமட்டும் டயரை அவ்வளவு சீக்கிரம் தின்னாது. தின்பது டோ. கேம்பர், எந்த ஓரத்தைத் தின்பது என்று கைகாட்டிவிடும்.

டயர் போனால் வாங்கிக்கொள்ளலாம். பின் சக்கர டோ-அவுட்டின் பெரிய ஆபத்து வேறு. வளைவில் எடை வெளிச் சக்கரத்துக்கு மாறுகிறது. வலது பக்கம் திரும்பினால் இடது பின் சக்கரம்தான் சுமை தாங்குகிறது. சுமை தாங்குகிற சக்கரம் சொல்வதைத்தான் கார் கேட்கும். அது டோ-இன்னில் இருந்தால் வளைவின் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், வாலை உள்ளே பிடித்து வைக்கும். டோ-அவுட்டில் இருந்தால் வளைவுக்கு வெளியே பார்க்கும், வாலை வெளியே கூட்டிக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து பின்பக்கம் இலேசாகிவிடும். ரோடு ஈரம். டயரின் உள் ஓரத்தில் நீரை வெளியேற்ற வேண்டிய பள்ளமே இல்லை. அன்று நடந்தது முழுக்க அதில் அடங்கிவிட்டது. என் ஓட்டுதலில் தப்பே இல்லை என்று சொல்லவரவில்லை. நடு வளைவில் சட்டென்று காலை எடுத்தது தப்புதான். ஆனால் அந்தத் தப்பை மன்னிக்கிற மாதிரிதான் இந்தக் காரை வடிவமைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். பின் எண்கள் ஏன் மாறவில்லை? பேசியவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: இந்த மாடலில் பின் சக்கரத்தைச் சரிசெய்ய வழி கிடையாது, முன்பக்கம் எல்லாம் பச்சையாக இருக்கிறதே.

இது உண்மையில்லை. இந்த மியாட்டாவில் நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும். கீழ்க் கை உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு போல்ட். அவை சாதாரண போல்ட் அல்ல. தலைப்பக்கம் மையம் விலகிய ஒரு வட்டத் தகடு இருக்கும். போல்ட்டைத் திருகினால் தகடு உருண்டு கையை உள்ளேயோ வெளியேயோ தள்ளும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு. முன்பக்கம் இரண்டையும் ஒரே திசையில் தள்ளினால் கேம்பர் மாறும், எதிரெதிராகத் தள்ளினால் காஸ்டர் மாறும். பின்பக்கம் ஒன்றாகத் தள்ளினால் கேம்பர், ஏறுமாறாகத் தள்ளினால் டோ. முன் டோவுக்கு மட்டும் தனியாக டை ராட். அந்த விலை காரில் இத்தனை தாராளமாகச் சரிசெய்யும் வசதி கொடுத்தது அபூர்வம். அதை 'வழி கிடையாது' என்றால் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அந்த எந்திரத்தின் எண்களே சரிதானா என்று பார்க்க நினைத்தேன். தாளை நம்பிக் கெட்டவன், மறுபடி அதே தாளை நம்பி வேலையில் இறங்குவது என்ன நியாயம்?

வீட்டில் அளக்கத் தேவை மீன் தூண்டில் நரம்பு, நான்கு ஜாக் ஸ்டாண்ட், ஒரு ஸ்டீல் ஸ்கேல். நம்ம ஊரில் 'நூல் பிடிச்ச மாதிரி' என்று சொல்கிறோமே, அதை அப்படியே செய்வதுதான். காரின் இரு பக்கமும் சக்கரத்தின் நடு உயரத்தில் நூலைக் கட்ட வேண்டும். இரண்டு நூலும் காரின் மைய அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நான்கு சக்கர மையத்திலிருந்தும் ஒரே தூரத்தில் நூலை வைத்தால் போதும் என்று நினைப்பார்கள். மியாட்டாவில் பின் சக்கரங்களுக்கு இடையேயான அகலம் முன்பக்கத்தைவிடச் சுமார் இரண்டு செ.மீ. அதிகம். அதனால் முன் மையத்திலிருந்து நூல் இருக்கிற தூரம் பின்பக்கத்தைவிட ஒரு பக்கத்துக்கு ஒரு செ.மீ. அளவு கூடுதலாக இருக்க வேண்டும். இதை மறந்தால் இல்லாத டோவெல்லாம் இருப்பதுபோலத் தெரியும். நானும் முதல் நாள் மறந்தேன். இரண்டு பின் சக்கரமும் ஒரே அளவில் கெட்டிருப்பதாகக் காட்டியது. இவ்வளவு ஒழுங்காக ஒன்று கெட்டிருந்தால் அளவுகோல்மேல்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது இருபது வருஷ டீபக்கிங் கற்றுக்கொடுத்த பாடம்.

பிறகு ஒவ்வொரு ரிம்மின் முன் ஓரத்திலிருந்தும் பின் ஓரத்திலிருந்தும் நூல்வரை உள்ள தூரத்தை அளந்தேன். என் 14 அங்குல ரிம்மில் இரு ஓரங்களுக்கும் இடையே 380 மி.மீ. பின் இடது சக்கரத்தில் முன் ஓரம் 2 மி.மீ. நூலுக்கு நெருக்கமாக இருந்தது. 380க்கு 2 என்றால் 0.30 டிகிரி. பின் வலதில் வித்தியாசம் கால் மில்லிமீட்டர் இருக்கலாம். ஸ்கேலின் துல்லியத்துக்கு அது பூஜ்யம்தான். ரிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் இந்த அளவு பொய் சொல்லும். அதனால் காரை உருட்டிச் சக்கரம் அரைச்சுற்று சுற்றிய பிறகு மறுபடி அளந்து சராசரி எடுத்தேன். எந்திரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அது சொன்னதைத்தான் யாரும் கேட்கவில்லை.

அளவு பற்றி இன்னொன்று. டோவை மில்லிமீட்டரில் சொல்வதுண்டு, டிகிரியில் சொல்வதுண்டு. இந்தக் காரின் கையேட்டில் மொத்த டோ 3 மி.மீ., கூடக்குறைய 3 என்று இருக்கிறது. எந்த விட்டத்தில் 3? டயரின் விட்டத்தில். 185/60 டயருக்கு அது கிட்டத்தட்ட 578 மி.மீ., ஆகவே 3 மி.மீ. என்பது மொத்தம் 0.30 டிகிரி. ரிம்மில் அளந்த 3 மி.மீ. என்றால் 0.45 டிகிரி. அதோடு 'மொத்தம்' என்பது இரண்டு சக்கரமும் சேர்ந்து, பாதிதான் ஒரு சக்கரத்துக்கு. யாராவது உங்களிடம் "டோ இவ்வளவு வை" என்று எண் சொன்னால், எந்த அலகு, எங்கே அளந்தது, ஒரு சக்கரமா இரண்டுமா என்று மூன்று கேள்வி கேட்காமல் விடாதீர்கள்.

கேம்பருக்கு டிஜிட்டல் கோணமானி போதும், ஆனால் தரை மட்டமாக இருக்க வேண்டும். எங்கள் கராஜ் தரை தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கதவுப்பக்கம் சரிந்திருக்கும். ஊரில் வீடு கட்டும்போது கொத்தனார் ஒரு ட்யூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்து மட்டம் பார்ப்பார். அதேபோல் பத்தடி ட்யூப் வாங்கிச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் பழைய தரை ஓடுகளை அடுக்கிச் சமப்படுத்தினேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து எட்டு போல்ட். காரைத் தூக்கி நிறுத்தி நட்டைக் கழற்றினேன். சுலபமாக வந்தது. போல்ட்டைத் திருகினால் கொஞ்சம் அசைந்தது, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. ஒஹாயோவில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புத் தூவுவார்கள், பனி உருக. முப்பது வருஷ உப்பில் போல்ட் துருப்பிடித்து, அது நுழைந்திருக்கும் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒன்றாகிவிட்டது. நான் திருகும்போது போல்ட் சுற்றவில்லை, புஷ்ஷின் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டது. விட்டதும் திரும்பிவிடுகிறது. கடையில் இருந்தவருக்கும் இது தெரிந்திருக்கும். அரை மணி நேர வேலைக்கு வந்த காரில் இதில் கை வைத்தால் மூன்று நாள் ஆகும். அதைச் சொல்வதற்குப் பதில் 'வழி கிடையாது' என்று சொல்வது சுலபம். போல்ட் இறுகிவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் நான் அன்றே வண்டியை நிறுத்தியிருப்பேன். அந்த ஒரு வரியைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

எட்டில் மூன்று திரும்பின, மூன்றும் முன்பக்கம். பின்பக்கம் நான்கும் கல். துரு எண்ணெய் ஒரு வாரம் ஊற்றினேன், சூடு காட்டினேன், சுத்தியலால் அடித்தேன். ஐந்தையும் கடைசியில் ரம்ப மெஷினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு போல்ட்டுக்கு இரண்டு வெட்டு, இரண்டு முழு வாரயிறுதிகள். அறுத்த கைகளுக்குப் புது ரப்பர் புஷ் ஒரு லேத் கடையில் அழுத்திப் போட்டுத் தந்தார்கள். எட்டுக்கும் புது போல்ட். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் வெள்ளிப் பசையைத் தாராளமாகப் பூசினேன். சும்மா இருக்கும்போதே பால் ஜாயின்ட், டை ராட் முனை எல்லாம் ஆட்டிப் பார்த்தேன். சக்கரத்தைத் தூக்கி வைத்து, மேல்கீழாகப் பிடித்து ஆட்ட வேண்டும், பிறகு இடவலமாக. ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட் செய்வதே வீண். ஆடுகிற நாற்காலியை அளந்து என்ன பயன்?

இதில் ஒரு எச்சரிக்கை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையையே 'சும்மா இருக்கும் நிலை' என்று எடுத்துக்கொள்ளும். காரைக் கீழே இறக்கியதும் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், காரும் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று காரின் எடை அதன்மேல் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு.

எல்லாம் சரிசெய்தபின் நூல் வைத்து ஓரளவு நேராக்கினேன். முடிவான அலைன்மென்ட்டுக்கு எந்திரம் உள்ள இடத்துக்கே போவது என்று தீர்மானம். இந்த முறை ரேஸ் கார்களைத் தயார் செய்கிற ஒரு பெரியவரின் சின்னக் கடை. போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, எட்டு போல்ட்டும் திரும்புகிறதா? இரண்டாவது, உங்கள் எடை என்ன? மூன்றாவது, இதை வைத்து ரேஸ் ஓட்டுவீர்களா, கடைக்குப் போவீர்களா? கேள்விகளைக் கேட்டதுமே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

எடை எதற்கு என்றால், ஆயிரம் கிலோ காரில் எழுபத்திரண்டு கிலோ ஆள் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் அந்தப் பக்கம் இறங்கும், கேம்பர் மாறும். ஓட்டுநர் இல்லாமல் அளந்த எண் ஓட்டுநர் இருக்கும்போது செல்லாது. வாட்டர் சாஃப்ட்னருக்குப் போடும் உப்பு நாற்பது பவுண்டு மூட்டையில் வரும். நாலு மூட்டை வாங்கிப் போய் ஓட்டுநர் சீட்டில் அடுக்கினேன். உப்பால் கெட்ட காருக்கு உப்பாலேயே வைத்தியம். பெரியவர் சிரித்தார். டேங்கில் அரை அளவு பெட்ரோல், டயரில் சரியான காற்று.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பின் சக்கரம், பிறகுதான் முன். ஏனென்றால் கார் போகிற திசையை முடிவு செய்வது பின் சக்கரங்கள். அவை இரண்டும் சேர்ந்து காட்டும் திசைக்கும் காரின் மைய அச்சுக்கும் உள்ள கோணத்தைத் த்ரஸ்ட் ஆங்கிள் என்பார்கள். என் பழைய தாளில் அது கிட்டத்தட்ட 0.18 டிகிரி. பின்பக்கம் கோணலாக இருக்கும்போது முன் சக்கரங்களை அதற்கு ஏற்றபடி திருப்பி வைத்தால் ஸ்டீயரிங் நேராகவே நிற்கும், கார் மட்டும் நண்டு மாதிரி லேசாகச் சாய்ந்து போகும். ஏழு மாதம் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். ஸ்டீயரிங் நேராக இருந்தால் எல்லாம் நேர் என்று நினைத்தேன்.

பின்பக்கம் முடிந்ததும் முன் காஸ்டர், கேம்பர், கடைசியாக ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டி முன் டோ. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நகரும். கேம்பரை மாற்றினால் டோ ஓடிவிடும். அதனால் பெரியவர் மூன்று சுற்று செய்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே காரை முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையையும் அழுத்திவிட்டார், சஸ்பென்ஷன் தன் இடத்தில் உட்கார.

அவர் பச்சையைப் பார்க்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பச்சை என்பது கையேட்டு வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கான அடையாளம். இந்தக் காரில் கேம்பருக்கு வரம்பு முக்கால் டிகிரி மேல், முக்கால் டிகிரி கீழ். இடது சக்கரம் மேல் எல்லையிலும் வலது சக்கரம் கீழ் எல்லையிலும் நின்றால் வித்தியாசம் ஒன்றரை டிகிரி. இரண்டும் பச்சைதான். கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். கேம்பர் எந்தப் பக்கம் அதிகப் பாசிட்டிவோ அந்தப் பக்கம் இழுக்கும், காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். ஆகவே அவர் பார்த்தது எண்ணின் அளவைவிட இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். பத்தில் ஒரு டிகிரிக்குள் வரும்வரை விடவில்லை.

என் கார் கடைசியாக நின்ற எண்கள்: முன் கேம்பர் மைனஸ் 1.0, காஸ்டர் 5.0, முன் டோ மொத்தம் 0.10 உள்ளே. பின் கேம்பர் மைனஸ் 1.4, பின் டோ மொத்தம் 0.20 உள்ளே, இரு சக்கரத்துக்கும் சமமாக. பின் கேம்பர் முன்னைவிட அதிகமாக இருப்பது வால் பிடியோடு இருக்க. முன்பக்கம் காஸ்டரை இன்னும் ஏற்ற ஆசைப்பட்டேன். இந்தக் காரில் அதே இரண்டு போல்ட்தான் இரண்டுக்கும் என்பதால் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் விட்டுக்கொடுக்க வேண்டும். இவை சாலையில் ஓட்ட, என் உயரத்தில் நிற்கும் என் காருக்கு. ஸ்பிரிங் தாழ்த்திய காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போல்ட் தலையிலிருந்து சட்டம்வரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தந்தார். போல்ட் நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஐந்நூறு மைல் ஓடி புது ரப்பர் படிந்ததும் மறுபடி வரச் சொன்னார். போனேன். பின் இடது டோ 0.04 நகர்ந்திருந்தது. காசு வாங்காமல் சரிசெய்தார்.

அதே வளைவுச் சாலையில் முதலில் தனியாக, காய்ந்த ரோட்டில் போனேன். பிறகு மழையில், விடியற்காலை, யாரும் இல்லாத நேரத்தில். அதே முப்பது மைல். நடு வளைவில் வேண்டுமென்றே காலை எடுத்தேன். கையில் வியர்வை. முன்பக்கம் கொஞ்சம் உள்ளே வந்தது, வால் அசையவில்லை. மூன்று முறை போய்வந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி இரண்டு தாளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் அக்கவுன்ட்ஸில் இருப்பவள். "இதுல ரெண்டும் ஒண்ணாவே இருக்கே, இத எப்படிங்க அப்பவே பாக்காம விட்டீங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மகள் இன்னும் மழையில் ஏறுவதில்லை. வெயில் நாளில், கூரையைத் திறந்தால் வருகிறாள்.

பச்சை நிறம் இருந்த அந்த முதல் தாள் டேஷ்போர்டு பெட்டியிலேயே இருக்கிறது, புதுத் தாளுக்கு அடியில். அடுத்த அளவு ஏப்ரலில், பனி உருகி உப்பைக் கழுவிய பிறகு.